இல்லை என்பதற்கும் சாட்சி வேண்டும்

1976 ஜூலை 28 அன்று வைக்கிங் 1 இறங்குகலம் தன் கையை நீட்டி செவ்வாயின் மண்ணைக் கொஞ்சம் அள்ளியது. அதில் அரை கன சென்டிமீட்டர் மண் ஒரு சின்னக் குப்பிக்குள் போனது. மேலே ஒரு துளி சத்துநீர் விழுந்தது. ஜூலை 30 அன்று அந்தக் குப்பியின் செய்தி கலிஃபோர்னியாவின் பாசடேனாவுக்கு வந்து சேர்ந்தபோது, வரைதாளில் ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த சோதனையில் அதே மண்ணை 160 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் சுட்டுவிட்டு சத்துநீரை விட்டார்கள். இந்த முறை கோடு எழவே இல்லை, படுத்துவிட்டது.

சுடாத மண்ணில் கோடு ஏறி, சுட்ட மண்ணில் ஏறாவிட்டால் அது உயிர். கலம் கிளம்புவதற்கு முன்பே இப்படித்தான் விதி எழுதிவைத்திருந்தார்கள். விதிப்படி பார்த்தால் செவ்வாயில் உயிர் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நாசா அப்படி அறிவிக்கவில்லை. அதற்குப் பிறகான கிட்டத்தட்ட ஐம்பது வருடத்திலும் அறிவிக்கவில்லை.

பிரபஞ்சத்தில் வேறெங்காவது உயிர் உண்டா என்று கேட்டால் நாம் உடனே தூரத்தைத்தான் நினைக்கிறோம். நட்சத்திரங்கள் எவ்வளவு தொலைவு, தொலைநோக்கி போதுமா, ரேடியோ அலை வந்து சேர எத்தனை வருடம் ஆகும் என்று. என்னைக் கேட்டால் சிக்கல் தூரத்தில் இல்லை. மண்ணைக் கையில் எடுத்து, அதனிடம் கேள்வி கேட்டு, அது பதிலும் சொன்ன பிறகு அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற கதைதான் வைக்கிங். அதனால்தான் பக்கத்து வீட்டில் நடந்த இந்தக் கதையை முதலில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

கோடு ஏறிய சோதனையை வடிவமைத்தவர் கில்பர்ட் லெவின். அவர் வானியலாளர் இல்லை, சுகாதாரப் பொறியாளர். குடிநீரில் கழிவுநீர்க் கிருமி கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய தொழில். ஐம்பதுகளில் அந்தப் பரிசோதனைக்குப் பல நாட்கள் ஆகும். கிருமி வளர்ந்து கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஊரே அந்தத் தண்ணீரைக் குடித்துமுடித்திருக்கும். லெவின் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். கிருமிக்குக் கொடுக்கிற சாப்பாட்டில் கதிரியக்கக் கார்பனைக் கலந்துவிடுவது. கிருமி அதைத் தின்று மூச்சுவிட்டால், அந்த மூச்சிலும் கதிரியக்கம் இருக்கும். கருவி அதை உடனே எண்ணிச் சொல்லிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டு இட்லி மாவே போதும். ராத்திரி கரைத்து வைத்த மாவு காலையில் பொங்கியிருக்கிறது என்றால், உள்ளே யாரோ சாப்பிட்டு மூச்சு விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களைப் பார்க்க நமக்கு நுண்ணோக்கி வேண்டாம், மாவு பொங்கியதே சாட்சி. அதே மாவை முதலில் கொதிக்க வைத்து ஆறவிட்டால் அது பொங்காது. லெவினுடைய விதி மொத்தமும் இவ்வளவுதான்.

தண்ணீருக்கான இந்தப் பரிசோதனையை செவ்வாய்க்கு அனுப்பலாமே என்று அவருக்குத் தோன்றியது. முதல் வடிவத்துக்கு அவர் வைத்த பெயர் கலிவர். ஜோனதன் ஸ்விஃப்ட்டின் கதையில் குட்டி மனிதர்களின் நாட்டுக்குப் போய்ச் சேருகிற அதே கலிவர். பசை தடவிய நூலை வெளியே எறிந்து, ஒட்டிய மண்ணோடு திரும்பச் சுருட்டிக்கொள்ளும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். பிறகு பட்ரீஷியா ஸ்ட்ராட் என்ற உயிர்வேதியியலாளர் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து கருவியை வைக்கிங்கில் ஏறுகிற அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

வைக்கிங்கில் லெவினின் குப்பி தனியாகப் போகவில்லை. சுமார் பதினைந்து கிலோ எடையுள்ள ஒரு பெட்டிக்குள் மூன்று உயிரியல் சோதனைகளை அடைத்திருந்தார்கள். வான்ஸ் ஒயாமாவின் சோதனை, மண்ணுக்கு ஈரமும் சத்தும் கொடுத்தால் சுற்றியுள்ள வாயுக்கள் மாறுகின்றனவா என்று பார்த்தது. நார்மன் ஹோரோவிட்ஸின் சோதனை, மண்ணில் இருக்கிற ஏதாவது காற்றிலிருந்து கார்பனை எடுத்துத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறதா என்று பார்த்தது. செவ்வாயில் தண்ணீரே இல்லை, அங்கே வாழ்கிற ஒன்றின் தலையில் தண்ணீரை ஊற்றினால் அது செத்துத்தானே போகும் என்பது ஹோரோவிட்ஸின் வாதம். இவை தவிர நான்காவதாக, க்ளாஸ் பீமன் பொறுப்பில் ஒரு கருவி இருந்தது. அது உயிரைத் தேடவில்லை. மண்ணை 500 டிகிரி வரை சூடாக்கி, கிளம்புகிற ஆவியில் கரிமப் பொருட்கள், அதாவது உயிர் எதனால் ஆனதோ அந்தக் கார்பன் மூலக்கூறுகள், இருக்கின்றனவா என்று பார்த்தது.

பூமியிலிருந்து ஒரு பாக்டீரியாகூட ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக முழு இறங்குகலத்தையும் 110 டிகிரிக்கு மேல் ஒரு நாளுக்கும் அதிகமாகச் சுட்டெடுத்துத்தான் அனுப்பினார்கள். திட்டத்தின் மொத்தச் செலவு சுமார் நூறு கோடி டாலர். எழுபதுகளின் டாலர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

இனி அந்த 1976 கோடைக்காலம்.

இறங்கிய மறுநாள் செவ்வாயின் முதல் வண்ணப் படத்தை வெளியிட்டார்கள். அதில் வானம் நீலமாக இருந்தது. பிறகு வண்ணக் கணக்கைச் சரிபார்த்து, மன்னிக்கவும், வானம் வெளிர்சிவப்பு என்று அறிவித்தார்கள். கூடியிருந்த பத்திரிகையாளர்கள் விளையாட்டாக ஊளையிட்டார்கள் என்று படக்குழுவில் இருந்த கார்ல் சேகன் பின்னாளில் எழுதினார். அந்த ஊளைச் சத்தம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வானமாவது நம் ஊர் மாதிரி இருக்கக் கூடாதா என்ற ஏக்கம் அது. விஞ்ஞானிகளுக்கு அந்த ஏக்கத்தின் மீது பயம் இருந்தது. ஆசைப்பட்டு ஏமாந்த வரலாறு செவ்வாய்க்கு உண்டு. நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்சிவல் லோவெல் தொலைநோக்கியில் கால்வாய்களைப் பார்த்து, அவற்றை வெட்டிய நாகரிகத்தைப் பற்றிப் புத்தகங்களே எழுதினார். 1965இல் மாரினர் 4 எடுத்த படங்களில் பள்ளங்கள்தான் இருந்தன. கால்வாய் ஒன்றுகூட இல்லை.

அந்த மாதிரி ஒரு இடத்தில்தான் லெவினின் கோடு ஏறியது.

முதல் சந்தேகம் பக்கத்துக் குப்பியிலிருந்தே வந்தது. ஒயாமாவின் சோதனையில் ஈரம் பட்டதுமே மண் ஆக்ஸிஜனை வெளியிட்டது. சூப்பர் செய்தி என்று தோன்றும். ஆனால் சுட்ட மண்ணும் அதையே செய்தது. செத்த மாவும் பொங்குகிறது என்றால் அது மாவின் வேலை இல்லை. ஆப்பசோடாவைப் புளித்த மோரில் போட்டாலும் நுரைக்கும், இல்லையா? அதில் யாரும் மூச்சு விடவில்லை. செவ்வாயின் மண்ணில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு மாதிரி கடுமையான ஆக்ஸிகரணி ஏதோ இருக்கிறது, அது சத்துநீரை எரித்து வாயுவாக்குகிறது என்ற எண்ணம் இங்கேதான் பிறந்தது. சூட்டில் கெட்டுப்போகிற ரசாயனங்களும் உண்டு என்பதால், சுட்டால் கோடு படுப்பது உயிருக்கு மட்டுமே உரிய அடையாளம் இல்லை என்றாகிவிட்டது.

இரண்டாவது சந்தேகம் லெவினின் குப்பியிலேயே வந்தது. இரண்டாவது துளி சத்துநீரை விட்டதும் கோடு இன்னும் ஏற வேண்டும். பசியோடு இருக்கிற கிருமிக்கு மறுசோறு போட்டால் என்ன செய்யும்? ஆனால் கோடு இறங்கியது. வந்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் திரும்பிப் போனது.

மூன்றாவதுதான் பேரிடி. பீமனின் கருவி இரண்டு இறங்குமிடங்களிலும் கரிமப் பொருளே இல்லை என்றது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலும் மோப்பம் பிடிக்கிற கருவி அது. அதற்குக் கிடைத்ததெல்லாம் குளோரோமீத்தேன், டைகுளோரோமீத்தேன் என்ற இரண்டு குளோரின் சேர்மங்களின் தடயம். அவை பூமியில் கருவியைத் துடைக்கப் பயன்படுத்திய கரைப்பானின் மிச்சம் என்று ஒதுக்கிவிட்டார்கள். உடம்பே இல்லாத இடத்தில் உயிர் எப்படி இருக்கும்? வழக்கு முடிந்தது. ஹோரோவிட்ஸ் தன் சோதனையில் தெரிந்த சிறு அறிகுறியையும் உயிர் இல்லை என்று தானே தள்ளிவிட்டார். உயிரியல் குழுவின் தலைவர் ஹெரால்ட் க்ளைன் எச்சரிக்கையான வார்த்தைகளில் முடிவை எழுதினார். பாடப்புத்தகங்கள் அந்த எச்சரிக்கையைக் கழற்றிவிட்டு, செவ்வாயில் உயிர் இல்லை என்று அச்சடித்தன.

லெவின் ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் பத்து வருடம், எல்லா ரசாயன விளக்கத்தையும் ஆய்வகத்தில் செய்து பார்த்தார். இரண்டாவது இறங்குகலத்தில் மண்ணை 50 டிகிரி அளவுக்கு மிதமாகச் சூடாக்கியபோதே கோடு பெருமளவு தணிந்திருந்தது. சில மாதம் இருட்டில் கிடந்த மண் முற்றிலும் அடங்கிப்போயிருந்தது. இவ்வளவு மென்மையாகச் சாகிற ரசாயனம் எது என்று அவர் கேட்டார். 1997இல், என் சோதனை கண்டது உயிரைத்தான் என்று வெளிப்படையாக எழுதினார். 2019இல் ஒரு பிரபல அறிவியல் பத்திரிகையில் மறுபடி எழுதினார். 2021இல் தன் 97ஆவது வயதில் இறக்கும்வரை மாறவில்லை. ஸ்ட்ராட் அவருக்கு முந்தைய வருடம் காலமானார்.

*

இதுவரை படித்தால் இது பிடிவாதக்காரக் கிழவர் ஒருவரின் கதை மாதிரி இருக்கும். இணையத்தில் பலர் இதை, உண்மையை மறைத்த நாசா என்று சொல்வதும் உண்டு. எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. 'ஆம்' என்ற பதிலை நாலு பக்கமும் தட்டிப்பார்த்தார்கள். அது நேர்மையான வேலைதான். ஆனால் 'இல்லை' என்ற பதிலை யாராவது அதே அளவுக்குத் தட்டிப்பார்த்தார்களா?

இந்தக் கேள்வியை வைக்கிங்குக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். அவர் பெயர் வூல்ஃப் விஷ்னியாக், ரோசெஸ்டர் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர். வேற்றுக்கோள் உயிரைத் தேடும் கருவி செய்ய 1959இலேயே நாசாவிடம் நிதி பெற்றவர். அந்தக் கருவிக்கு அவருடைய பெயரை வைத்தே ஓநாய்ப்பொறி என்று செல்லப்பெயர் உண்டு. வைக்கிங்கில் அதுவும் போவதாக இருந்தது. செலவு ஏறியதால் கடைசிக் கட்டத்தில் அதைக் கழற்றிவிட்டார்கள்.

அதே காலத்தில் ஹோரோவிட்ஸும் அவர் சகாக்களும் அண்டார்க்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் ஆராய்ந்து, அங்குள்ள சில மண்ணில் நுண்ணுயிரே இல்லை என்றார்கள். பூமியிலேயே இப்படி என்றால், அதைவிடக் குளிரான, வறண்ட செவ்வாயில் என்ன எதிர்பார்க்க முடியும் என்பது அதன் மறுபக்கம். விஷ்னியாக் இதை நம்பவில்லை. மண்ணை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து நமக்குத் தெரிந்த சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தால் வளராது, அதற்காக அங்கே யாரும் இல்லை என்று ஆகிவிடுமா? அவரே நேரில் போனார். கண்ணாடித் தகடுகளை அந்த மண்ணிலேயே புதைத்துவைத்து, பிறகு எடுத்துப் பார்க்கும் முறை அவருடையது. 1973 டிசம்பர் 10 அன்று, புதைத்த மாதிரிகளை எடுக்கத் தனியாகப் போனவர் அஸ்கார்ட் மலைத்தொடரின் பனிச்சரிவில் விழுந்து இறந்தார்.

அவர் சேகரித்து வைத்திருந்த பாறைகள் இம்ரே ஃப்ரீட்மான் என்ற விஞ்ஞானியிடம் போய்ச் சேர்ந்தன. ஃப்ரீட்மான் உடைத்துப் பார்த்தார். மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, பாறையின் துளைகளுக்குள், பச்சையாக நுண்ணுயிர்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. அந்தக் கண்டுபிடிப்பு வெளியான வருடம் 1976. வைக்கிங் செவ்வாயில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த அதே வருடம். கலம் மண்ணைத்தான் கிளறியது, எந்தப் பாறையையும் உடைத்துப் பார்க்கவில்லை.

இதுதான் முதல் பாடம். ஒரு 'இல்லை'க்குள் எப்போதும் ஒரு 'இப்படித் தேடினால்' ஒளிந்திருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் அந்த 'இல்லை' பொய்யாகிவிடும்.

*

இரண்டாவது பாடம் வர இன்னும் முப்பத்திரண்டு வருடம் ஆனது. 2008 மே மாதம் ஃபீனிக்ஸ் இறங்குகலம் செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கி மண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தது. யாரும் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. பெர்குளோரேட் என்ற உப்பு, எடையில் அரை சதவீதம் அளவுக்கு. குளிரில் இந்த உப்பு பரம சாது. சூடாக்கினால் ஆக்ஸிஜனைக் கக்கி, பக்கத்தில் இருக்கிற எதையும் எரித்துவிடும். ராக்கெட்டின் திட எரிபொருளில் இதன் சகோதரனைத்தான் கலக்கிறார்கள்.

இப்போது பீமனின் கருவியை நினைத்துப் பாருங்கள். அது மண்ணை 500 டிகிரிக்குச் சூடாக்கியது.

மெக்சிகோவின் ரஃபேல் நவாரோ-கொன்சாலஸ் ஒரு எளிய வேலை செய்தார். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவன மண்ணில் கொஞ்சம் கரிமப் பொருள் உண்டு. அதில் பெர்குளோரேட்டைக் கலந்து வைக்கிங் மாதிரியே சூடாக்கினார். கரிமப் பொருள் எரிந்துபோனது. மிச்சமாகக் கிடைத்தவை என்ன தெரியுமா? குளோரோமீத்தேன், டைகுளோரோமீத்தேன். துடைப்புக் கரைப்பான் என்று 1976இல் ஒதுக்கிய அதே இரண்டு பொருட்கள். 2010இல் அவர் குழு இதை வெளியிட்டது. அதாவது, வைக்கிங் கரிமப் பொருளைத் தேடுகிறேன் பேர்வழி என்று அதைக் கொளுத்திவிட்டு, சாம்பலைப் பார்த்து இங்கே ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். பீமன் இதை ஏற்கவில்லை, மறுப்பு எழுதினார். ஆனால் பிறகு க்யூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தில் குளோரோபென்சீனைக் கண்டது. 2018இல், சுமார் முந்நூறு கோடி வருடப் பழைய களிப்பாறையில் கந்தகம் கலந்த கரிமப் பொருட்களைக் கண்டதாக அறிவித்தது. 2025இல் இன்னும் நீளமான கார்பன் சங்கிலிகள் வந்தன. செவ்வாயில் கரிமப் பொருள் உண்டு என்பதில் இன்று சர்ச்சை இல்லை.

இன்னொரு விஷயம். உயிரே இல்லாவிட்டாலும் செவ்வாயில் கரிமப் பொருள் கொஞ்சமாவது இருந்திருக்க வேண்டும். விண்கற்கள் வருடா வருடம் அதைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. சுத்தமான பூஜ்யம் என்பதே சந்தேகப்பட வேண்டிய எண். 1976இல் இதை எல்லோரும் கவனிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பூஜ்யத்தை வைத்து மண்ணைச் சந்தேகப்பட்டார்கள், கருவியைச் சந்தேகப்படவில்லை.

அப்படின்னா லெவின் ஜெயித்துவிட்டாரா? அதுதான் இல்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இங்கேதான் வருகிறது. 2013இல் வெளியான ஒரு ஆய்வு, பெர்குளோரேட் மீது விண்வெளியிலிருந்து வருவது போன்ற கதிர்வீச்சு பட்டால் அது சிதைந்து வேறு குளோரின் பொருட்களாக மாறும், அந்தப் பொருட்கள் சத்துநீரோடு வினைபுரிந்து லெவினின் கோடு மாதிரியே ஒரு கோட்டை ஏற்றும் என்று காட்டியது. இதே நவாரோ-கொன்சாலஸும் கிறிஸ் மெக்கேயும் 2003லேயே, அட்டகாமாவின் மிக வறண்ட பகுதி மண்ணில் லெவினின் சோதனையைச் செய்து, உயிரில்லாத வினைகளாலேயே சத்துப்பொருள் சிதைவதைக் கண்டிருந்தார்கள்.

ஒரே உப்பு இரண்டு பதிலையும் கரைத்துவிட்டது. 'ஆம்' என்றது அதனால் இருக்கலாம், 'இல்லை' என்றதும் அதனால் இருக்கலாம். வைக்கிங் போனபோது மண்ணில் அந்த உப்பு இருப்பது யாருக்கும் தெரியாது. நீ என்ன சாப்பிடுவாய் என்று கேட்பதற்கு முன்னால், நீ எதனால் ஆனவன் என்று கேட்டிருக்க வேண்டும். நூறு கோடி டாலர் செலவழித்து இரண்டாவது கேள்வியை முதலில் கேட்டுவிட்டோம்.

*

கேள்வியின் வரிசையைப் பற்றி அன்றே கவலைப்பட்ட ஒருவர் உண்டு. ஜேம்ஸ் லவ்லாக். அறுபதுகளில் பாசடேனாவின் அதே ஆய்வகத்தில் ஆலோசகராக இருந்தவர். செவ்வாய்க்குப் போய் ஒரு கைப்பிடி மண்ணைக் கிளறுவது ஏன், மொத்தக் காற்றையும் பார்த்தால் போதாதா என்று கேட்டார். பூமியின் காற்றில் ஆக்ஸிஜனும் மீத்தேனும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் ஜாதி. யாரோ இரண்டையும் ஓயாமல் உற்பத்தி செய்துகொண்டே இருந்தால்தான் இது சாத்தியம். அந்த யாரோதான் உயிர். செவ்வாயின் காற்றிலோ பெரும்பகுதி கரியமில வாயு, எல்லா வினையும் முடிந்து அடங்கிய காற்று. அங்கே உயிர் இருக்க வாய்ப்பு குறைவு என்றார். 1967இல் டயான் ஹிட்ச்காக்குடன் சேர்ந்து இந்த வழியைக் கட்டுரையாக எழுதினார். செவ்வாய்க்கு ஆட்கள் போகத் துடித்துக்கொண்டிருந்த காலத்தில் இது யாருக்கும் இனிக்கவில்லை.

லவ்லாக்கின் முறை வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உயிர் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு கோளில் சோதித்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு கோள்தான் நமக்குத் தெரியும். வியாழனுக்குப் போகிற வழியில் வேகம் கூட்டுவதற்காக கலீலியோ கலம் 1990 டிசம்பர் 8 அன்று பூமிக்கு மேலே 960 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. சேகனும் சகாக்களும் அதன் கருவிகளைப் பூமியின் பக்கம் திருப்பச் சொன்னார்கள். எங்களுக்கு இந்தக் கோளைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொள்வோம், இங்கே உயிர் உண்டா?

1993இல் வெளியான பதில் இது. காற்றில் ஏராளமான ஆக்ஸிஜன். அதனோடு இருக்கவே கூடாத மீத்தேன். நிலப்பரப்பில் சிவப்பு ஒளியை விழுங்கும் ஏதோ ஒரு நிறமி, பாறை எதுவும் அப்படிச் செய்வதில்லை. இயற்கையில் உண்டாகாத விதத்தில் பண்பேற்றப்பட்ட ரேடியோ அலை. நான்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் உயிர் என்ற முடிவுக்கு வர முடிந்தது. வெறும் ஆக்ஸிஜன் போதாது, வெறும் நிறம் போதாது. கோடிக்கணக்கான உயிரினங்கள் நெருக்கியடித்து வாழ்கிற, காடும் கடலும் கிரிக்கெட் வர்ணனையும் நிரம்பிய ஒரு கோளையே நான்கு சாட்சி வைத்துத்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. செவ்வாயின் ஒரு குப்பி மண்ணிடம் நாம் ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதச் சொன்னோம்.

லவ்லாக்கின் வழிக்கும் ஒரு 'இப்படித் தேடினால்' உண்டு. மொத்தக் கோளையும் மாற்றும் அளவுக்கு ஏராளமாக வாழ்கிற உயிர்தான் காற்றில் தெரியும். பாறைக்குள் ஒளிந்து, வருடத்துக்கு ஒரு முறை மூச்சுவிட்டு வாழ்கிற ஒன்று தெரியாது. ஃப்ரீட்மானின் பச்சைக் கோடு எந்தக் கலீலியோவுக்கும் தெரிந்திருக்காது.

*

இந்தப் பழைய கதையை இப்போது எதற்குச் சொல்கிறேன்? அதே நாடகம் இப்போது பெரிய மேடையில் நடக்கிறது. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி என்ற கோளின் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடின் சாயல் தெரிவதாக அறிவித்தது. பூமியில் அதைப் பெரும்பாலும் உற்பத்தி செய்வது கடலின் நுண்ணுயிர்கள். ஒரே நாளில் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. சில வாரங்களில் வேறு குழுக்கள் அதே தரவை வேறு விதமாகக் கணக்கிட்டு, அவ்வளவு உறுதி இல்லை என்றன. அதோடு, உயிர் இருக்க வாய்ப்பே இல்லாத ஒரு வால்மீனிலும் இந்தப் பொருள் இருப்பது முன்பே தெரியவந்திருந்தது. மறுபடியும் ஆப்பசோடா. இந்த முறை மறுசோதனைக்கு மண்ணை அள்ள முடியாது என்பதுதான் வித்தியாசம்.

செவ்வாயிலும் ஒரு புதுச் சாட்சி காத்திருக்கிறது. 2024 ஜூலையில் பெர்ஸிவரன்ஸ் ஊர்தி ஒரு பாறையில் சிறுத்தைப் புள்ளிகள் மாதிரி வட்டங்களைக் கண்டது. பூமியில் அத்தகைய புள்ளிகளோடு நுண்ணுயிர்களுக்குத் தொடர்பு உண்டு. 2025 செப்டம்பரில் அது உயிரின் சாத்தியமான அடையாளம் என்று ஆய்விதழில் கட்டுரை வந்தது. சாத்தியமான என்ற சொல்லை நாசா ஒவ்வொரு வாக்கியத்திலும் அழுத்திச் சொன்னது. வைக்கிங் கற்றுக்கொடுத்த நாக்கடக்கம் அது. 2021லேயே நாசா விஞ்ஞானிகள் ஏழு படிகள் கொண்ட ஒரு ஏணியை முன்வைத்திருந்தார்கள். ஓர் அறிகுறி தெரிவது முதல் படி மட்டுமே. அது கருவியின் கோளாறு இல்லை, உயிரில்லாத வழியில் அது உண்டாகாது, வேறொரு குழுவும் வேறொரு முறையில் அதையே காண்கிறது என்று ஒவ்வொன்றாகக் கடந்துதான் மேலே போக வேண்டும். பாறையின் துண்டு ஒரு குழாயில் அடைபட்டு செவ்வாயிலேயே இருக்கிறது. அதைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டம் பணத்துக்காக இழுபறியில் சிக்கியது.

அந்த ஏணி நல்ல ஏணிதான். எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. அது 'ஆம்' ஏறுவதற்கான ஏணி. 'இல்லை' ஏறுவதற்கு யாரும் ஏணி வைக்கவில்லை. 'இல்லை' இன்னும் தரையிலிருந்து நேராக மாடிக்குப் பறந்துவிடுகிறது. அதன் விலை என்ன என்று வைக்கிங்கில் பார்த்துவிட்டோம். ஒரு கருவி ஒன்றும் காணவில்லை என்றதும் ஒரு கேள்வியே மூடப்பட்டது. வைக்கிங்குக்குப் பிறகு, மண்ணில் ஏதாவது சாப்பிட்டு மூச்சு விடுகிறதா என்று நேரடியாகக் கேட்கும் ஒரு சோதனைகூட செவ்வாயில் நடக்கவில்லை.

லெவின் கடைசிக் காலம் வரை கேட்டதும் அதைத்தான். அவர் தன்னை நம்பச் சொல்லவில்லை, மறுபடி ஒரு முறை கேளுங்கள் என்றார். அதற்கு நல்ல வழியும் சொன்னார். சத்துநீரில் இருந்த சில மூலக்கூறுகளுக்கு இடது கை, வலது கை மாதிரி இரண்டு வடிவங்கள் உண்டு. ரசாயனத்துக்கு இரண்டும் ஒன்றுதான், ஆக்ஸிகரணி பாரபட்சம் பார்க்காமல் இரண்டையும் எரிக்கும். பூமியின் உயிர்கள் பொதுவாக ஒரு கையைத்தான் விரும்பும். இரண்டையும் தனித்தனிக் குப்பியில் கொடுத்துப் பாருங்கள். இரண்டிலும் கோடு ஒரே மாதிரி ஏறினால் அது உப்பின் வேலை, என் கதை முடிந்தது. ஒன்றில் மட்டும் ஏறினால், அதை விளக்க எந்த உப்பாலும் முடியாது. 1976இல் வைக்கிங்கின் சத்துநீர் இரண்டு வடிவங்களையும் கலந்தேதான் கொண்டுபோனது. பிரித்துக் கேட்கும் அந்தச் சோதனை இதுவரை எந்தக் கலத்திலும் ஏறவில்லை.

அவர் கண்டது உயிர் என்று நான் நம்பவில்லை. பெர்குளோரேட்டின் கதை எனக்குப் போதுமான அளவு உறுதியாக இருக்கிறது. ஆனால் தன்னைத் தோற்கடிக்கக்கூடிய சோதனையைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு, அதை நடத்துங்கள் என்று முப்பது வருடத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்த மனிதரைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு சின்னக் குப்பிகள், இரண்டு துளி நீர், கொஞ்சம் மண். செலவு மிகுந்த கேள்விகளையெல்லாம் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். இந்தச் சின்னக் கேள்வி மட்டும் இன்னும் பூமியிலேயே நிற்கிறது.